பக்தாத் மிதவையும் பழைய காரின் கார்புரேட்டரும்

அரபு மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு 'ஹீலா' என்னும் சொல் புதியதன்று. அதன் பன்மை 'ஹியல்'. ஃபிக்ஹு நூல்களில் அச்சொல்லைக் காணுந்தோறும், சட்டத்தின் பிடியிலிருந்து நழுவ மனிதன் தேடும் தந்திரமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், அதே சொல்லைத் தலைப்பில் தாங்கிய வேறொரு நூல்வரிசையும் அரபு மொழியில் உண்டு. அங்கே 'ஹியல்' என்பது பொறிநுட்பம். நீரையும் காற்றையும் மனிதனுக்குப் பணிசெய்ய வைக்கும் கலை. அக்கலையின் சாயலை இன்று எங்கே காணலாம் என்று கேட்பீர்களாயின், பழைய கார் ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றிப் பாருங்கள் என்போம்.

கார்புரேட்டரின் பணி

பெட்ரோல் நீர்வடிவில் இருக்கும்வரை எஞ்சினுக்குப் பயன்படாது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று கலந்தால்தான் அது செவ்வனே எரியும். அக்கலவையை அமைத்துக் கொடுப்பதே கார்புரேட்டர். குறுகிய வழியில் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பதை இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797-ஆம் ஆண்டில் விளக்கினார். அக்குறைந்த அழுத்தமே சிறு துளையின் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சித் தூவுகிறது. இம்முறையில் இயங்கும் கார்புரேட்டரை 1893-இல் ஜெர்மனியில் மேபாக் உருவாக்கினார். ஹங்கேரியில் பாங்கி, சோங்கா இருவரும் அதே காலத்தில் அதே வழியைக் கண்டனர்.

தூவும் துளைக்கருகே பெட்ரோலின் மட்டம் ஏறாமலும் இறங்காமலும் நிற்க வேண்டும். அதற்கென ஒரு சிறு அறை. அதனுள் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைய நிறைய மிதவை எழும். எழுந்து, கூர்முனை ஊசியொன்றை அதன் இருக்கையில் அழுத்தி வழியை அடைக்கும். பெட்ரோல் குறைந்தால் மிதவை தாழும்; வழி திறக்கும். காவல் நிற்க ஆள் வேண்டியதில்லை.

மூன்று சகோதரர்கள்

இந்த மிதவையையும் கூம்புவடிவ அடைப்பானையும் ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டின் பக்தாதில் காண்கிறோம். மூஸா இப்னு ஷாகிரின் மக்களாகிய முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய மூவரும் கலீஃபா மஃமூனின் ஆதரவில் வளர்ந்தவர்கள். 'பனூ மூஸா' என வழங்கப்பெறும் இவர்கள், கி.பி. 850-ஐ ஒட்டி எழுதிய 'கிதாபுல் ஹியல்' ஏறத்தாழ நூறு பொறிகளை விவரிக்கிறது. சிறிது நீரை எடுத்தவுடன் தானே நிரம்பிக்கொள்ளும் தொட்டியும் அவற்றுள் ஒன்று.

இதைக் கொண்டு, 'கார்புரேட்டரைக் கண்டுபிடித்தவர்கள் நாமே' என்று மேடையில் முழங்குவோருடன் நமக்கு உடன்பாடில்லை. மேபாக் பனூ மூஸாவை ஓதித்தான் தம் பொறியைச் செய்தார் என்று எழுதினால் அது வரலாறாகாது. பனூ மூஸாவுக்கும் முன்னோர் உண்டு. அலெக்ஸாந்திரியாவின் கிரேக்கர்கள் நீர்க்கடிகாரத்தில் மிதவையைப் பயன்படுத்தினர். பனூ மூஸாவின் பெருமை, பிறர் அறிவை மொழிபெயர்த்துக் கற்று, அதன்மேல் தாம் கண்டதைச் சேர்த்து, அதை எழுதியும் வைத்தார்களே, அதில்தான் இருக்கிறது.

இல்மும் அமலும்

மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரீ 602-இல் (கி.பி. 1206), ஆமித் நகரின் அர்துகீ அரசவையில் பணிபுரிந்த அல்ஜஸரீ தம் நூலை முடித்தார். இன்று துருக்கியில் தியார்பக்கிர் எனப்படும் ஊர் அது. இல்மையும் பயன்தரும் அமலையும் ஒன்றுசேர்ப்பது என்று நூலின் தலைப்பே கூறுகிறது. அல்ஜஸரீ ஏட்டறிஞர் மட்டுமல்லர், கையால் செய்பவர். அடைப்பானையும் அதன் இருக்கையையும் எமரிப் பொடி இட்டு ஒன்றோடொன்று தேய்த்து, நீர் கசியாதவாறு பொருத்தும் முறையை அவர் எழுதியுள்ளார். இன்றைய மெக்கானிக் எஞ்சின் வால்வுக்கு எமரிப் பசை தடவித் தேய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

உப்புக்காற்றில் ஒரு கைவினை

நம் நாட்டில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரிலும், 1961 முதல் பத்தாண்டுகள் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும், பிற பழைய கார்களிலும் எஸ்.யூ., சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர்கள் இருந்தன. நாட்டுப்படகுகள் கரையேறும் திரேஸ்புரம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று அவற்றின் உலோக உடலில் வெண்மை பூக்கச் செய்யும்.

அதைப் புதுப்பிப்பது பொறுமையின் வேலை. ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிக் கழுவ வேண்டும். பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால், ஓட்டை இருக்குமிடத்தில் குமிழி கிளம்பும். ஊசியின் முனையில் வளையம்போல் தேய்மானம் விழுந்திருந்தால் ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஜெட்டின் துளையில் கம்பியை விடலாகாது. காற்றால் ஊதியே அடைப்பை நீக்க வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர். கம்பி கீறிய துளை அந்த எண்ணுக்குப் பொய்ச்சாட்சி ஆகிவிடும். த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று கசிந்தால், மற்றவை யாவும் சரியாயிருந்தும் எஞ்சின் நிலைகொள்ளாது. அந்நிலையில் தண்டின் துளைகளுக்குப் புதிய புஷ் இட்டுப் பொருத்துவதே முறை.

துளையை எண்ணால் அறியும் இக்கலை இக்கடற்கரைக்குப் பழக்கமானதே. முத்து வணிகர் பித்தளைச் சல்லடைகளில் முத்துகளை இட்டுத் தரம் பிரித்தனர். இருபது துளைச் சல்லடையில் பெரிய முத்து நிற்கும், ஆயிரம் துளைச் சல்லடையில் பொடி முத்து நிற்கும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. முத்துக்குளிப்பின் நுட்பங்களை இன்று நாம் தேடினால், 1922-இல் வெளியான ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெலின் நூலைத்தான் பெரிதும் நாடவேண்டியுள்ளது. மூச்சடக்கி மூழ்கியவர்களும், சல்லடை பிடித்தவர்களும் தம் கைப்பட எழுதிவைத்தது எங்கே?

அதே நிலை இன்று கார்புரேட்டர் மெக்கானிக்குகளை நெருங்குகிறது. புதிய கார்களில் எரிபொருளை மின்னணுக் கருவி பீய்ச்சுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் உறுப்புகளைக் கெடுக்கும். கலவையில் காற்றின் பங்கை மிகுவிக்கும். எந்த ஜெட்டைப் போட்டால் பழைய எஞ்சின் இதைத் தாங்கும் என்பதைச் செய்து பார்த்து அறிந்தவர்கள், தலை நரைத்த சில மெக்கானிக்குகளே. அவர்கள் பள்ளிப்படிப்பில் குறைந்தவர்களாயிருக்கலாம். ஆயினும் அல்ஜஸரீயின் அமல் அவர்களிடம்தான் இருக்கிறது. எழுதத் தெரிந்த நம்மிடமோ இல்ம் மட்டுமே இருக்கிறது.

ஆகவே, நம் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அப்பட்டறைகளுக்குச் செல்லட்டும். கேட்டதையும் கண்டதையும் தமிழில் எழுதட்டும். பனூ மூஸாவின் மிதவையை ஆயிரத்து நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் நாம் அறிவது, எவரோ ஒருவர் அதை எழுதி வைத்ததனால் அன்றோ?