சட்டையில் ரெண்டு சுத்தியல்

ஈஸ்ட் ஹாம்ல ரூம் எடுத்த புதுசுல, வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் ஏன் "அயர்ன்ஸ், அயர்ன்ஸ்"னு கத்துறாங்கன்னு புரியல. தோண்டிப் பார்த்தேன் மக்கா.

லீ நதி தேம்ஸில் கலக்குற இடத்துல தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ்னு ஒரு ஆலை இருந்துச்சு. பிரிட்டனின் முதல் இரும்புக் கவசப் போர்க்கப்பல் 'வாரியர்' 1860ல் இங்கேதான் தண்ணியில இறங்குச்சு. 1895ல் முதலாளி ஆர்னால்ட் ஹில்ஸ் காலத்துல தொழிலாளிகளுக்காகத் தொடங்கின கால்பந்து அணிதான், 1900ல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆச்சு. அணிச் சின்னத்துல இருக்கிறது ஆலையோட ரிவெட் சுத்தியல்கள்.

நிலக்கரியும் இரும்பும் தூரத்துலேர்ந்து வரணும். வடக்கத்திக் கப்பல் பட்டறைகளோட போட்டி போட முடியாம, 1912ல் மூடிட்டாங்க.

எங்கப்பாவும் உருக்காலைக்காரர்தான். "மூடப் போறாங்களாம்"னு பேச்சு கிளம்பின அன்னிக்கு வீட்ல யாரும் சாப்பிடல. இங்கே ஆலை போயிடுச்சு, பேரு நின்னுடுச்சு. பேரு சோறு போடுமா, சொல்லுங்க?