சிறு வீரரும் அவர்தம் பெயரும்

காவியங்களைத் தலைவர்களின் கதைகளாக வாசிக்கவே நாம் பழக்கப்பட்டுள்ளோம். கி.மு. 19இல் வெர்ஜில் இறந்தபோது முற்றுப்பெறாதிருந்த இலத்தீன் காவியமான ‘ஈனியட்’டும் ஈனியஸ் என்ற தலைவனின் கதையாகவே அறியப்படுகிறது. ஆனால் அதன் ஒன்பதாம் காண்டத்தில் நிசுஸ், யூரியாலுஸ் என்ற இரு சிறு வீரர் வருகின்றனர். முற்றுகையிடப்பட்ட பாசறையிலிருந்து தலைவனுக்குச் செய்தி கொண்டுசெல்ல இரவில் புறப்பட்டு, வழியில் உறங்கும் பகைவரைக் கொன்று, இறுதியில் தாமும் மடிகின்றனர். உரோமின் ஆட்சி நிலைக்கும்வரை இவர்களின் நினைவும் நிலைக்கும் என்கிறார் கவிஞர். சாதாரண வீரனின் நினைவு இங்கு ஓர் அரசின் ஆயுளோடு பிணைக்கப்படுகிறது.

ஈட்டிமுனையில் ஏற்றப்பட்ட மகனின் தலை பற்றிய செய்தி கேட்டு யூரியாலுஸின் தாய் கதறுகிறாள். அக்கதறல் படையின் உறுதியைக் குலைப்பதால் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுசெல்கிறார்கள். காவியம் அவளுக்குப் பெயர் தரவில்லை. எனினும் அக்கதறலை வெர்ஜில் எழுதினார் என்பதையும் மறுக்கமுடியாது.

1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறு வேந்தர், வேளிர் பலரின் பெயர்களைப் பேணுகிறது. மறக்குடித் தாயரைப் பாடும் பாடல்களிலோ மகனுக்குப் பெயரில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாடலில், சிதைந்த மகனின் உடலைக் கண்ட தாய் அவனைப் பெற்றபோதினும் அதிகமாக மகிழ்கிறாள். உரோமில் தாயின் அழுகை அகற்றப்பட்டது. இங்கு அவளது பெருமிதம் சபையேறியது. இரண்டிலும் போருக்கு எது உதவும் என்பதே அளவுகோல்.

பெயரைக் காத்தது நடுகல். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்லொன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனைக் குறிக்கிறது. பிற்காலச் செங்கம் வட்டாரக் கற்களில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரினும், கீழே இறந்தவனின் பெயரும் அவன் இறந்த விதமும் உள்ளன. ஆநிரை கவர்ந்து மாண்டவனுக்கும் மீட்டு மாண்டவனுக்கும் கல் நடப்பட்டது. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், கள்வரை எதிர்த்து நின்ற நாயின் பெயர்கூட உண்டு.

1983 முதல் 2009 வரையான யுத்தத்தின் வரலாற்றை எழுதுவோர் முன்னுள்ள கேள்வியும் இதுவே. தளபதிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. 1986இல் சகோதர இயக்கத்தவரால் கொல்லப்பட்டவர்கள், கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகள், ஆயுதமே தொடாது பதுங்குகுழியில் மடிந்தவர்கள் எந்தப் பட்டியலில் அடங்குவர்? நடுகல் மரபும் ஆயுதம் ஏந்தாதவர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது என்பதால் அதை அப்படியே பின்பற்றவும் முடியாது.

சகலரையும் ஒரே வரிசையில் எழுதினால் அரசியல் மறைந்துவிடும் என நண்பர்கள் வாதிடலாம். ஊர், பெயர், இறந்த விதம் ஆகிய மூன்றையும் எழுதினால், கொன்றது யார் என்பதும் பதிவாகிவிடும். புகழுரைகளில்தான் அது மறைகிறது. சட்டனில் என்னோடு தொழிற்சாலையில் நிற்கும் எம்மவர் ஒவ்வொருவரிடமும் எழுதப்படாத பெயர் ஒன்றாவது இருக்கிறது. அவர்கள் உயிரோடிருக்கும்போதே அதைக் கேட்டு எழுதுவது எம்மால் இயலுமான காரியம்.