ஈய வண்ணப்பூச்சு

ஈய வண்ணப்பூச்சு என்பது நிறமியாகவோ உலர்த்தியாகவோ ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்ட பெயின்ட் ஆகும். வெண்மைக்கு ஈயக் கார்பனேட்டும் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும் பயன்பட்டன. விரைவில் உலர்ந்து ஈரத்தையும் தாங்கியதால் கதவு, சன்னல்களுக்கு இது பெரிதும் விரும்பப்பட்டது.

வரலாறு

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் குழந்தைகளிடம் காணப்பட்ட ஈய நச்சேற்றத்திற்கு, வீட்டுக் கைப்பிடிச் சட்டங்களில் அடித்த பூச்சே காரணம் என்று மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904 இல் எடுத்துக்காட்டினார். எனினும் ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிற்கான தடை 1978 இல்தான் வந்தது. எனவே அங்கு அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ளப்படுகிறது. இந்தியாவில், மில்லியனில் 90 பங்குக்கு மேல் ஈயமுள்ள வீட்டுப் பெயின்ட் உற்பத்தி 2017 நவம்பர் முதல் தடை செய்யப்பட்டது.

பாதிப்பு

சுவரில் உறுதியாக ஒட்டியுள்ள பூச்சினால் உடனடித் தீங்கு குறைவு. அது உரிந்து தூசாகும்போதே ஆபத்து தொடங்குகிறது. திறந்து மூடும்போது உராயும் சன்னல் சட்டங்கள் இதற்கு முதன்மையான இடம். தவழும் குழந்தைகள் தூசு படிந்த கையை வாயில் வைக்கின்றனர். உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிட மிகுதியாக உறிஞ்சவும் செய்கின்றனர். மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டாலும் வெளிப்படையான அறிகுறி இராமல் போகலாம். இரத்தப் பரிசோதனையே இதனை உறுதி செய்யும். குழந்தைகளுக்குத் தீங்கற்றது எனக் கூறத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை.

பழைய வீடுகளில் கையாளுதல்

பூச்சை அகற்றுவதே எப்போதும் சிறந்த வழி என்பது தவறான எண்ணம். முறையின்றிச் சுரண்டினால் வீடு முழுவதும் நச்சுத் தூசு பரவி, முன்பிருந்ததைவிட நிலைமை மோசமாகும். நல்ல நிலையிலுள்ள பூச்சை அதற்கென உள்ள உறைப்பூச்சினால் மூடிவிடலாம்; சிதைந்த சன்னல்களை மாற்றிவிடலாம்.

வேலைக்கு முன் ஊடுகதிர்க் கருவியினாலோ ஆய்வகத்திலோ ஈயம் உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவ்விடத்தில் இருத்தல் கூடாது. தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இட்டு, வாயிலையும் காற்றுக் குழாய்த் துளைகளையும் மூட வேண்டும். பூச்சை நீர் தெளித்து ஈரமாக்கியே தேய்க்க வேண்டும். தீச்சுடரால் எரித்து எடுப்பது ஈய ஆவியை உண்டாக்கும். உலர்ந்த பூச்சில் மின் தேய்ப்பானை ஓட்டுவதும் அதே அளவு தீங்கானது.

சாதாரணத் துடைப்பமும் தூசி உறிஞ்சியும் நுண்தூசைப் பரப்பிவிடும். எனவே எப்பா வடிகட்டி பொருத்திய உறிஞ்சியும் ஈரத்துணியும் பயன்படுத்தப்படுகின்றன. சாதாரணத் துணி முகமூடி இத்தூசைத் தடுக்காது. வேலை உடைகளைத் தனியே துவைக்க வேண்டும். அமெரிக்காவில் 2010 ஏப்ரல் முதல், 1978 க்கு முந்தைய வீடுகளில் கூலிக்குப் பூச்சைக் கலைக்கும் நிறுவனங்கள் சான்றிதழ் பெற்றிருத்தல் கட்டாயமாகும்.

வெளிச்சுவரிலிருந்து உதிர்ந்த ஈயம் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் நெடுங்காலம் தங்கும். அவ்விடத்தில் கீரை, கிழங்கு பயிரிடுவது தவிர்க்கப்படுகிறது.