மானின் மணமும் மனிதத் தோலும்

கஸ்தூரி மான் கொம்பில்லாத சிறிய விலங்கு. இமயமலையின் உயர்ந்த சரிவுகளில் தனித்து வாழ்வது. ஆண் மானின் அடிவயிற்றில் தோலுக்குள் அமைந்த ஒரு பையில் ஏறக்குறைய 25 கிராம் கஸ்தூரி இருக்கும். ஒரு கிலோ வேண்டுமாயின் 40 பைகள் தேவை. ஆயினும் 40 மான்களோடு அக்கணக்கு முடிந்ததில்லை. ஆணா, பெண்ணா, குட்டியா என்று கண்ணி பார்ப்பதில்லை. பையில்லாத மான்களும் அதே கண்ணியில் விழுந்து மடிந்தன. பழந்தமிழில் நானம் என வழங்கிய அந்த மணத்தின் பின்னே இத்தனை உயிர்கள் இருந்தன என்பதைக் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பங்கள் அறிந்திருத்தல் தகும். (நம் இல்லத்துப் பெண்கள் பூசும் கஸ்தூரி மஞ்சளுக்கும் மானுக்கும் தொடர்பில்லை, அது ஒரு கிழங்கு, பெயர் மட்டுமே இரவல்.)

அந்த மானுக்கு விடுதலை தரும் வழி, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் திறந்தது. 1888ஆம் ஆண்டு ஆல்பர்ட் பாவர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் வெடிமருந்து ஆய்வில் ஈடுபட்டிருந்தார். டி.என்.டி. என்னும் வெடிபொருளை ஒத்த சேர்மங்களைச் செய்து பார்க்கையில், அவற்றுள் ஒன்று கஸ்தூரியைப் போல் மணத்தது. வெடிக்க வேண்டியது மணத்தது! ‘பாவர் கஸ்தூரி’ என அது விற்பனைக்கு வந்தது. அவ்வழியே கஸ்தூரி கீட்டோன், கஸ்தூரி சைலீன், கஸ்தூரி ஆம்பிரெட் ஆகியவை தொடர்ந்தன. நைட்ரஜன் கலந்தவையாதலால் இவற்றை நைட்ரோ கஸ்தூரிகள் என்பர். மானின் கஸ்தூரிக்கு மணம் தரும் மஸ்கோன் என்னும் பொருளின் உண்மையான வடிவத்தை லியோபோல்டு ருசிக்கா கண்டுணர்ந்தது 1926இல்தான். அப்போதுதான் ஒன்று தெளிவாயிற்று: மஸ்கோன் 15 கார்பன் அணுக்கள் கோத்த பெரிய வளையம், பாவரின் பொருளோ அமைப்பில் அதற்கு எவ்வகையிலும் உறவில்லாதது. மூக்கு ஏமாந்தது. தோல் ஏமாறுமா என்று அந்நாளில் யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. அது வேதியியல் வாசனைத் தொழிலை முற்றிலும் மாற்றிக்கொண்டிருந்த காலம். 1868இல் இங்கிலாந்தில் பெர்க்கின் கூமரினைச் செய்தார். 1874இல் ஜெர்மனியில் வனிலின் செய்யப்பட்டது. அரசர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே உரியதாயிருந்த நறுமணம், சோப்பிலும் முகப்பவுடரிலும் ஏறி எளியோர் வீட்டுக்கும் வந்தது. அது சிறிய நன்மையன்று. ஆனால் ஒரு விளைவும் உடன் வந்தது. முன்பு திருநாளில் ஒரு துளி தொட்டுக்கொண்ட பொருள், இப்போது நாள்தோறும், காலை முதல் இரவு வரை, பிறந்த குழந்தையின் உடல் முதற்கொண்டு பூசப்படலாயிற்று.

தோலின் ஒவ்வாமை இங்கேதான் இடம்பெறுகிறது. எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. காரமான பொருள் எவர் தோலையும் எரிக்கும். ஒவ்வாமையோ நினைவு சார்ந்தது. வாசனைப் பொருளின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தோலின் மேலடுக்கைக் கடந்து உட்சென்று அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. உடலின் காவல் செல்கள் அதை அயலாகக் குறித்துக்கொள்கின்றன. அந்நேரம் வெளியே எதுவும் தெரியாது. பல ஆண்டுகள் தெரியாமலும் போகலாம். அடையாளம் பதிந்தபின், ஒரு சிறு அளவு பட்டாலும் ஓரிரு நாள் கழித்துத் தோல் சிவந்து, தடித்து, நீர் கோத்து, அரிக்கும். ‘இருபது ஆண்டுகளாக இதே பவுடர்தானே’ என்பது இதனால் மறுமொழியாகாது.

கஸ்தூரி ஆம்பிரெட் இதனினும் வஞ்சகமாக நடந்தது. கஸ்தூரி வெண்டை விதையின் மணத்தை ஒத்திருந்ததால் பெற்ற பெயர் அது. 1970களின் இறுதியில், ஆஃப்டர் ஷேவ் லோஷன் பூசிய ஆண்கள் சிலர் முகத்திலும் கழுத்திலும் கடும் அழற்சியோடு தோல் மருத்துவரிடம் வந்தனர். வெயில் பட்ட இடத்தில் மட்டும் நோய். முகவாய்க்கட்டையின் கீழ் நிழல் விழும் இடம் தப்பியிருந்தது. பூசிய பொருளும் சூரிய ஒளியும் ஒன்றுசேர்ந்தால்தான் இந்த ஒவ்வாமை எழுந்தது. சிலருக்கு லோஷனை நிறுத்திய பின்னும், பல காலம் வெயிலையே தோல் பொறுக்கவில்லை. 1987இல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்த நிகழ்வோ நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது: ஊதுவத்தியில் கலந்திருந்த கஸ்தூரி ஆம்பிரெட், புகையோடு காற்றில் வந்து தோலின் நிறத்தையே மாற்றியிருந்தது. வாசனைத் தொழிலாரின் பன்னாட்டு அமைப்பு இதை விலக்கியது. 1990களின் நடுவில் ஐரோப்பிய அழகுப்பொருட் சட்டமும் தடை செய்தது. அதன் உடன்பிறப்பான கஸ்தூரி சைலீன் கழிவுநீரோடு ஆற்றுக்குச் சென்று, மீனின் கொழுப்பில் தங்கி, தாய்ப்பாலிலும் காணப்பட்டது. மானைக் காத்த பொருள் மீனை விட்டுவைக்கவில்லை.

எந்தப் பொருள் எவரைத் தாக்கியது என்று கண்டறியும் கருவி மருத்துவரிடம் முன்பே இருந்தது. யாதாசோன் என்பவர் 1895இல் அறிமுகப்படுத்திய ஒட்டுச் சோதனையில், ஐயத்துக்குரிய பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பர். குறை வேறிடத்தில் இருந்தது. எதை ஒட்டிப் பார்ப்பது? புட்டியின் மேல் ‘பர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல். உள்ளே ஐம்பதோ நூறோ பொருள்கள். கலவை வணிக இரகசியம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடிய நீரில் ஐந்து விரையும் பத்துத் துவரும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியிருந்தன என்பதையும், அவை இன்னின்ன என உரைகாரர் பெயர் சுட்டிச் சொல்வதையும் நினைத்தால், இருபதாம் நூற்றாண்டின் புட்டி ஊமையாக இருந்தது வியப்பே. 1977இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் லார்சன், வாசனையால் துன்புற்ற 20 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் வழியே எட்டுப் பொருள்கள் கொண்ட சோதனைக் கலவை ஒன்று உருவாகி, இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அந்த எட்டில் கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால், ரோஜாவின் ஜெரானியால், மரப்பாசி போன்ற ஒரு லைக்கன் ஆகியவையும் உள. ஆலையில் பிறந்ததா, செடியில் பிறந்ததா என்ற வேறுபாட்டைத் தோல் அறியாது.

இந்த அறிவுக்கு வேறோர் உயிரும் விலை கொடுத்தது. ஒவ்வாமை உண்டாக்கும் பொருளை முன்கூட்டியே காண, கினிப்பன்றிகளின் தோலில் ஊசியேற்றிப் பார்க்கும் முறை 1969இல் வகுக்கப்பட்டுப் பல்லாண்டு நடந்தது. கஸ்தூரி மானுக்குப் பதிலாக ஆய்வகத்தின் சிற்றுயிர் வந்து நின்றது என்றே சொல்லலாம். அழகுப்பொருளுக்காக விலங்குகளைச் சோதிப்பதையும் அவ்வாறு சோதித்தவற்றை விற்பதையும் ஐரோப்பா 2013இல் முழுமையாகத் தடுத்தது. இந்தியா 2014இல் சோதனையையும், பின் அத்தகைய இறக்குமதியையும் தடை செய்தது.

ஊமைப் புட்டி பேசத் தொடங்கியது 2005 மார்ச்சில். 26 வாசனைப் பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்லிச் சிட்டையில் அச்சிட வேண்டும் என்ற ஐரோப்பிய விதி அப்போது நடைமுறைக்கு வந்தது. தோலில் தங்கும் பொருளில் 0.001 விழுக்காட்டுக்கு மேலும், கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் பெயர் கட்டாயம். லினலூல், லிமோனீன், ஜெரானியால் என இன்று நம் ஊர்க் கடைப் புட்டிகளிலும் கடைசி வரியில் காணும் சொற்கள் அவ்வாறு வந்தவை. தோல் மென்மையானோர் முதலில் படிக்கவேண்டிய வரியும் அதுவே. ‘மணமில்லாதது’ என்ற சொல்லை மட்டும் நம்புதல் போதாது. மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வேறொரு வாசனையைச் சேர்த்துவிட்டு அவ்வாறு எழுதுவதுண்டு. வாசனைப் பொருளே சேர்க்காதது என்பது வேறு. பழைய புட்டியைச் சேர்த்து வைப்பதும் நன்றன்று: லினலூலும் லிமோனீனும் தம்மளவில் பெரும்பாலும் தீங்கற்றவை, காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறிய பின்னரே ஒவ்வாமையை வலிதாகத் தூண்டுகின்றன.

2023இல் அப்பட்டியல் 80க்கும் மேற்பட்டதாக விரிந்தது. புதிய பொருள்களுக்கு 2026 ஜூலை முதலும், ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை முதலும் அது கட்டாயம். புதிதாகச் சேர்ந்த பெயர்களுள் மல்லிகை எண்ணெய், ரோஜா எண்ணெய் ஆகியவற்றோடு சந்தன எண்ணெயும் இருக்கிறது.