முன்னோர் ஊரைத் தேடி

நம் காலனிக் குடும்பங்களில் பாட்டனாரின் தந்தை பெயரைத் தயங்காது கூறுவோர் சிலரே. கடல் கடந்தோர் வழியினர்க்கோ ஒரு பேறு உண்டு. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நம் நாட்டினின்றும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் 1,52,000-க்கு மேற்பட்டோர். பேரேட்டில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். ஆளை எண்ணுவதற்கென எழுதிய அவ்வரியே இன்று கொள்ளுப்பேரர்க்குக் குலப்பத்திரம்! பதிவேட்டோடு காலங்கழிக்கும் எனக்கு அதனை எழுதிய குமாஸ்தாவின்மேல் தனி மதிப்பு உண்டு, ஊர்ப்பெயர்களைச் செவியிற் பட்டவாறு சிதைத்திருப்பினும். வாய்விட்டுப் பன்முறை படித்தால் உண்மைப் பெயர் ஒருவாறு வெளிப்படும்.

அன்பர்களே, பெரிய சிக்கல் ஜில்லாவில் உளது. 'வட ஆற்காடு' என்றிருப்பின் வேலூரை மட்டும் தேடுதல் போதாது. சித்தூர் தனி ஜில்லாவானது 1911-இல்தான். அதுவரை வட ஆற்காட்டில் அடங்கியிருந்தது. வரதய்யபாளையத்திற்கு அண்மையிலுள்ள சத்தியவேட்டின் கதை வேறு. செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த அவ்வூர், 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாறியபோது ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவுக்குச் சென்றது; திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. 2022-இல் சத்தியவேடும் வரதய்யபாளையமும் புதிய திருப்பதி மாவட்டத்திற் சேர்ந்தன. ஊர் அசையவில்லை; மேல்விலாசம் மட்டும் அலைந்தது. ஆகவே ஆண்டை முதலில் அறிந்து, அவ்வாண்டின் ஜில்லாவிலே தேடுக.

மற்றொன்று: அப்பேரேட்டில் தந்தை பெயருக்குக் கட்டமுண்டு, தாயின் பெயருக்கு இல்லை. அவற்றை நம் வீட்டுப் பாட்டிமாரிடம் இவ்வாண்டே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.