நூல் யாருடையது?

நற்றிணையிலே கபிலர் மலைமேல் தவழும் மேகத்துக்கு ஓர் உவமை சொல்கிறார். ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூல் போன்றது அந்த மேகம் என்கிறார். வகுப்பில் இதனைப் படிப்பிக்கும்போது உவமையின் அழகை வியந்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவதே என் வழக்கமாயிருந்தது. அந்த உவமைக்குள் ஒரு வயிற்றுப்பாடு கிடப்பதை எனக்குக் காட்டிய ஊர் மருதமுனை.

நேயர்களே, கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே சென்றால், பாண்டிருப்பைத் தாண்டியதும் வருவது மருதமுனை. கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன முஸ்லிம் ஊர். தறியில் இருப்பவர் ஒருவர்தான். ஆனால் நூலுக்குச் சாயம் போட, கஞ்சி தோய்த்துக் காயவைக்க, பாவு ஓட்ட, ஊடைக்கு நூல் சுற்ற என்று முழு வீடுமே வேண்டும். இதில் பெண்களின் பங்கு பெரிது. அதற்கெனத் தனிக்கூலி பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் வெளிநாட்டுத் துணியின் வரவைக் கட்டுப்படுத்தியது. நெய்தது விற்றது. அதைப் பொற்காலம் என்போர் உளர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அன்றும் நூல் நெசவாளியின் கையில் இல்லை, பங்கீட்டில் வந்தது. பங்கீடு பிந்தினால் தறி சும்மா கிடந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான ஆலைத்துணி கடைகளில் குவிந்தது. நாடெங்கும் கைத்தறி நிலையங்கள் பல மூடுண்டன. மருதமுனை எப்படியோ விடாமல் நெய்தது. பிறகு யுத்தம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்து கரையோர வீடுகளோடு தறிகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதித் துணியின் விலை ஏறியது. இனி உள்ளூர் நெசவுக்கு நல்ல காலம் என்று ஆசிரியர் அறையில் நான் பெரிதாகப் பேசினேன். நூலும் சாயமும் கப்பலில் வருபவைதான் என்பது அப்போது என் நினைவில் இல்லை. மறு ஆண்டு மருதமுனையில் முதிய நெசவாளி ஒருவரிடம் அதே கருத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தறி என்ட, சேர். நூல் ஆர்ட?"

நூலைக் கொடுப்பவர் வியாபாரி. நெய்து கொடுத்தால் சாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. நூல் விலை ஏறினால் வியாபாரி சாரத்தின் விலையைக் கூட்டுவார். கூலியையும் கூட்டவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கில்லை. விலை கூடிச் சாரம் தேங்கினாலோ நூல் கொடுப்பதையே குறைத்துவிடுவார். சொந்த நூல் வாங்கி நெய்தால் மிச்சம் உண்டு. அதற்கு முதல் வேண்டும். விற்றுத் தீரும்வரை அடுப்பெரியவும் வேண்டும்.

விடைபெறும்போது கபிலரின் உவமையை அவருக்குச் சொன்னேன். மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவரது மனைவி இராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அந்தப் பொம்புளையளுக்கு எவ்வளவு கூலியாம்?"

புலவர் அதைச் சொல்லவில்லை என்றேன்.