மறைந்த உடலும் மறையாத கையும்: ‘இரும்புக்கை மாயாவி’யின் தமிழ் வருகை

முன்னுரை

பறத்தலும் மறைதலும் சித்திரக்கதை நாயகர்க்கு மிகுதியாக வழங்கப்பெற்ற ஆற்றல்கள். எனினும் இவ்விரண்டும் ஓவியருக்கு ஒரே தன்மையான பணியைத் தருவதில்லை. பறக்கும் உடலை வரைய வானமும் கட்டடங்களும் துணை நிற்கின்றன. மறைந்த உடலை வரைவதோ அடிப்படையிலேயே முரணானது. காட்டுதலையே தொழிலாகக் கொண்ட கலை, காண இயலாத ஒன்றைக் காட்டியாக வேண்டும். இச்சிக்கலுக்கு 1962இல் பிரித்தானியச் சித்திரக்கதை ஒன்று கண்ட தீர்வையும், அது 1972இல் சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்தபோது நேர்ந்த பொருள் மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பறப்பவனும் மறைபவனும்

1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றிய சூப்பர்மேன் பறக்கவில்லை. எட்டில் ஒரு மைல் தொலைவைத் தாவிக் கடப்பவனாகவே அறிமுகமானான். வானொலித் தொடரும் அசைவூட்டப் படங்களும் வெளிவந்த 1940களின் தொடக்கத்திலேயே பறத்தல் அவனுக்குரிய ஆற்றலாக நிலைபெற்றது. பறப்பவன் ஊரார் கண்முன் இயங்குகிறான். அவன் செயலுக்கு மக்களே சான்று. ஆகவே பறத்தல் தன்னளவில் அறச்சிக்கல் எதனையும் எழுப்புவதில்லை.

மறைதல் அத்தகையதன்று. பிளேட்டோவின் ‘குடியரசு’ இரண்டாம் நூலில் இடம்பெறும் கைஜஸ் மோதிரக் கதை, பிறர் காணாதபோதும் ஒருவன் நேர்மையாளனாக இருப்பானா என்னும் வினாவை முன்வைக்கிறது. 1897இல் வெளிவந்த எச்.ஜி.வெல்ஸின் ‘தி இன்விசிபிள் மேன்’ புதினம் அவ்வினாவை அறிவியல் தளத்திற்குக் கொண்டுவந்தது. அதன் தலைமை மாந்தனான கிரிஃபினின் உடல் மறைகிறது, ஆடை மறைவதில்லை. குளிரில் ஆடையின்றி அலையும் அவன் வன்முறையாளனாக மாறி, இறுதியில் மக்கள் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்படுகிறான். புதினத்தில் ‘மறைந்தான்’ என்று எழுதினாலே போதும். சித்திரக்கதையில் அவ்வாறு முடித்துவிட இயலாது. 1961இல் தொடங்கிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரில் ஓவியர் ஜாக் கிர்பி, மறைந்த சூ ஸ்டார்மின் உருவை விட்டுவிட்டு வரையப்பட்ட கோடுகளால் உணர்த்தினார். இம்மரபில் வாசகர் காண்பதைக் கதைமாந்தர் காண்பதில்லை. கோடு வாசகருக்கான குறிப்பு மட்டுமே. கதையுலகில் அதற்கு இடமில்லை.

எஃகு நகத்தின் தோற்றம்

இலண்டனின் ஃபிளீட்வே நிறுவனம் 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில் ‘தி ஸ்டீல் க்ளா’ என்னும் தொடர் வெளிவந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர் கதையை எழுத, பார்சிலோனாவில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஓவியம் தீட்டினார். பின்னர் டாம் டல்லி கதை எழுதும் பொறுப்பை ஏற்றார். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். முன்னரே ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வக விபத்தில் உயர் மின்னழுத்தம் பாய்ந்ததும் அவன் உடல் மறைகிறது. வெல்ஸின் கிரிஃபினைப் போலன்றி ஆடையும் உடன் மறைகிறது. எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. சிறிது நேரம் கழிந்ததும் உடல் மீளத் தோன்றும். மறுபடி மறைய மறுபடி மின்சாரம் வேண்டும்.

இக்கை, கிர்பியின் கோட்டைப் போல வாசகருக்கு மட்டும் உரிய குறியீடன்று. கதைமாந்தரும் அதனைக் காண்கின்றனர். காவலர் அதனைத் தொடரலாம். எதிரி அதனைக் குறிவைக்கலாம். ஓவியத்தின் தேவை கருதி எஞ்சிய உறுப்பே கதையின் அறமாகவும் ஆகிறது. தொடக்கக் கதையில் கிராண்டேல் குற்றவாளி. ஆயினும் அவன் குற்றத்திற்கு அவன் கையே சான்றாக நிற்கிறது. பிளேட்டோ கற்பனை செய்த முழு மறைவு அவனுக்கு வாய்க்கவில்லை. பிற்காலக் கதைகளில் அவன் ‘ஷேடோ ஸ்குவாட்’ என்னும் உளவு அமைப்பில் சேர்ந்து நன்மையின் பக்கம் நிற்கிறான். குற்றவாளி நாயகனாக மாறியபோதும் அடையாளம் அதே கைதான்.

தமிழ்ப் பெயரும் பொருள் மாற்றமும்

அச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசியில் மு.சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் தலைப்பிலேயே தன் முதல் இதழை வெளியிட்டது. இத்தலைப்பு சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன்று. ‘ஸ்டீல்’ என்பது எஃகு. ‘க்ளா’ என்பது கூருகிர். ஆங்கிலப் பெயர் ஆயுதத்தை மட்டும் சுட்டுகிறது, மனிதனைச் சுட்டவில்லை. தமிழ்ப் பெயர் எஃகை வழக்கிலுள்ள ‘இரும்பு’ ஆக்கியது. உகிரைக் ‘கை’ ஆக்கியது. அக்கைக்கு உரியவனை ‘மாயாவி’ எனப் பெயரிட்டு அழைத்தது. ஆங்கிலத் தலைப்பில் காண்பது மட்டும் உண்டு. தமிழ்த் தலைப்பிலோ காணும் கையும் காணாத ஆளும் ஒருங்கே உள்ளன.

‘மாயாவி’ என்னும் சொல் தேர்வும் கருதத்தக்கது. இராமாயண மரபில் மாயாவி, வாலியோடு பொருது குகைக்குள் புகுந்த அசுரனின் பெயர். வஞ்சனையும் மாயமும் அச்சொல்லின் பழம்பொருளில் கலந்திருந்தன. குற்றவாளியாகத் தொடங்கிய கிராண்டேலுக்கு அது பொருந்தியது. அவன் நாயகனானபோது சொல்லும் அவனோடு உயர்ந்தது. பின்னாளில் ராணி காமிக்ஸ், ஃபேண்டம் என்னும் முகமூடி வீரனையும் ‘மாயாவி’ என்றே அழைத்தது. ஃபேண்டம் மறையும் ஆற்றல் உடையவன் அல்லன். அசுரனையும் வஞ்சகனையும் குறித்த சொல், மறைபவனைக் குறித்து, பின் மறையாத வீரனுக்கும் உரியதாயிற்று.

இயல்பு கடந்த ஆற்றல் தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. மணிமேகலை விண்வழி செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் மந்திரம் பெற்றவள். சீவக சிந்தாமணியின் விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். முன்னது தெய்வம் அருளிய மந்திரம். பின்னது தச்சன் செய்த பொறி. மாயாவியின் ஆற்றலோ வீட்டுச் சுவர் வரை வந்துவிட்ட மின்சாரத்தில் இருந்தது. சிற்றூர்களுக்கும் மின்இணைப்பு பரவிவந்த காலத்தில் இக்கதை தமிழில் வந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. மந்திரத்திற்குரிய பெயரை மின்சாரத்தால் மறைபவன் பெற்றதால், பழைய மாயமும் புதிய அறிவியலும் ஒரே சொல்லில் இணைந்தன.

முடிவுரை

உடலை முற்றிலும் மறைக்க இயலாத கலையின் எல்லையிலிருந்து பிறந்தது எஃகுக் கை. அக்கை, எவரும் காணாதவன் எதற்கும் பொறுப்பில்லாதவன் ஆகிவிடுவதைத் தடுத்தது. தமிழ்ப் பெயரோ கையோடு ஆளையும் சேர்த்து அழைத்து, ஒரு பழஞ்சொல்லின் இழிபொருளை மாற்றியது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த தமிழ்ப் பேரகராதி இம்மாற்றத்திற்கு முந்தியது. இம்மாற்றத்தின் சான்றுகள் மலிவுத் தாளில் அச்சாகி, கைமாறிக் கைமாறிக் கிழிந்த இதழ்களில் உள்ளன. மொழிபெயர்ப்பு வரலாறு புதினங்களையும் நாடகங்களையும் கணக்கில் கொள்ளும் அளவிற்குச் சித்திரக்கதைகளைக் கொள்வதில்லை. ஒரு தலைமுறை எழுத்துக்கூட்டிப் படித்த அவ்விதழ்களைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கினால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்ச் சொற்கள் அடைந்த பொருள் மாற்றத்தின் ஒரு பகுதிக்குச் சான்றே இல்லாமற்போகும். அவற்றைத் தொகுத்துக் காப்பதும், ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டு ஆராய்வதும் மொழி வரலாற்று ஆய்வின் கடமையாகின்றன.